வண்ணம் பூசிய தாளும் வாங்கிய தாளும்

தாள்களை வெட்டி ஒட்டும் கொலாஜில் கத்தரிக்கோலை எடுக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. எந்தத் தாள், எத்தனை வண்ணம் என்று முடிவு செய்வதுதான் அந்தப் பாதி. இந்த முடிவை முழுக்கத் தன் பிடிக்குள் கொண்டுவந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ். 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தபிறகு அவரால் நெடுநேரம் நின்று வரைய முடியவில்லை. உதவியாளர்கள் வெள்ளைத் தாள்களில் குவாஷ் என்னும் ஒளிபுகா நீர்வண்ணத்தைப் பூசி உலர்த்திக் கொடுத்தார்கள், அவர் வெட்டினார். கிடைத்த தாளுக்குள் வண்ணம் தேடாமல், வேண்டிய வண்ணத்தில் தாளையே உண்டாக்கிக்கொள்ளும் முறை இது.

இதன் வலிமையை லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள ‘நத்தை’ (1953) படைப்பில் பார்க்கலாம். மூன்று மீட்டருக்குச் சற்றே குறைந்த சதுரம் அது. பச்சை, நீலம், ஆரஞ்சு, கறுப்பு எனப் பெரிய துண்டுகள் சுருளாக நகர்கின்றன. எதிரெதிர் வண்ணங்கள் பக்கம் பக்கமாக நின்று ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கின்றன. கிட்டே போனால் ஒரே துண்டுக்குள் தூரிகை போன தடம் தெரியும்: ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் மெலிவு. ஆலையில் ஒரே சீராக நிறமேற்றிய தாளில் இந்த அசைவு இருக்காது. 1952இல் செய்த ‘நீல நிர்வாணம்’ வரிசையில் வண்ணம் இன்னும் சுருங்கி ஒற்றை நீலமாகிறது. தொடைக்கும் கைக்கும் நடுவே விட்ட வெள்ளை இடைவெளியே அங்கே கோடு. வண்ணத்தைக் குறைத்ததால்தான் அந்த இடைவெளிக்கு இவ்வளவு பலம் வந்தது என்பது என் துணிபு. பத்து வண்ணம் இருந்திருந்தால் கண் அதைக் கவனித்தே இருக்காது.

குறைகளும் சிறியவை அல்ல. தூரிகைத் தடத்தை நம்பிய கலை அச்சுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1947இல் வெளிவந்த ‘ஜாஸ்’ நூல் சாட்சி. வெட்டுத்தகடு வைத்து, அதே குவாஷ் வண்ணங்களைக் கொண்டே அச்சிட்டும் மத்தீஸுக்கு நிறைவில்லை. வெட்டி ஒட்டியதன் உயிர் தட்டையாகிவிட்டது என்றே வருந்தினார்.

அதைவிடப் பெரிய சிக்கல் காலம். ‘நீச்சல் குளம்’ (1952) நீஸ் நகரில் அவருடைய உணவறைச் சுவரை ஓடிச் சுற்றிய படைப்பு. நீல உருவங்கள், வெள்ளைத் தாள் பட்டை, அதற்குப் பின்னால் வெளிர்பழுப்புச் சாக்குத்துணி. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகு சாக்குத்துணி கறுத்துப்போய், மூன்று நிறங்களின் உறவே மாறிவிட்டது. பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்காமல் இருந்து, துணியை மாற்றி 2014இல்தான் மறுபடி வைத்தார்கள். வண்ணத் தேர்வு என்று பேசும்போது ஒட்டும் அடித்தளத்தை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. அதுவும் ஒரு வண்ணம்தான், அதுவும் முதுமையடையும்.

செய்தித்தாளும் பழுக்கும். மரக்கூழில் உள்ள லிக்னின் ஒளிபட்டுப் பழுப்பேறும்; பிக்காசோ 1912இல் ஒட்டிய நாளிதழ்த் துண்டுகளும் அதற்குத் தப்பவில்லை. ஆனால் அங்கே இழப்பு குறைவு. பழுத்தாலும் அது நாளிதழ் என்று தெரிகிறது, எழுத்தும் நிற்கிறது. மத்தீஸின் தாளுக்கோ வண்ணத்தைத் தவிர வேறு அடையாளம் இல்லை. அது வெளுத்தால் எல்லாம் போயிற்று.

வாங்கிய தாளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அதே 1912இல் ஓவியர் பிராக் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரக் கடையொன்றில் மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வாங்கி ஒட்டியபோது, அந்தத் தாள் தானாகவே மேசையைச் சொன்னது. பூசிய தாளால் இது ஆகாது. அது பேசுவது நிறத்தை மட்டும்தான். எனவே மத்தீஸின் வழியை எல்லோருக்குமான விதியாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாங்கிய தாளில் வேலை செய்பவர்கள் மத்தீஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பூசுவதை அல்ல, கட்டுப்பாட்டை. படம் பிடித்திருக்கிறது, எழுத்து அழகாயிருக்கிறது என்று சேர்த்த துண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைத்தான் இன்று அதிகம் காண்கிறோம். ஜெர்மன் கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட்டையும் பொதிதாளையும் பொறுக்கியவர்தான். ஆனாலும் அவருடைய பல கொலாஜ்களில் பழுப்பும் சாம்பலும் தளமாக நின்று, அங்கங்கே வரும் சிவப்பையும் நீலத்தையும் தாங்குகின்றன. குப்பையிலிருந்து எடுத்த தாளிலும் வண்ணத்தை இவ்வளவு கண்டிப்பாக ஆள முடியும் என்பதால், பயில்பவர்களுக்கு மத்தீஸுக்கு முன் ஷ்விட்டர்ஸைக் காட்டவே நான் விரும்புகிறேன்.