இருபதாம் இரவு அவளுடைய முறை

அயர்லாந்தின் பழைய சரிதங்கள் பிரிஜிட்டின் பிறப்பைச் சொல்லும்போது பாலை மறக்காமல் சொல்கின்றன. தாய் ஓர் அடிமைப் பெண். சூரியன் எழும் நேரத்தில், கறந்த பாலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறாள். ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே, ஒரு கால் இன்னும் வெளியே. அப்போதே, அங்கேயே குழந்தை பிறந்துவிடுகிறது. பணிப்பெண்கள் அவள் கையில் இருந்த அந்தப் பாலாலேயே குழந்தையைக் கழுவுகிறார்கள். நிறைமாதத்திலும் பால் சுமந்து வந்த ஒருத்தியின் வாசற்படியில் தொடங்குகிறது கதை. கேட்பவர்கள் படியைப் பற்றியே அதிகம் பேசுவார்கள்; எனக்கு அந்தப் பால்தான் பெரிதாகத் தெரிகிறது. வேலைக்கு நடுவில் வந்தவள் பிரிஜிட். அவளைப் பற்றிய நல்ல நுணுக்கங்கள் எல்லாமே வேலையோடு ஒட்டியவை.

இது புனிதர் பிரிஜிட்டின் பிறப்புக் கதை. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து கில்டேரில் மடம் நிறுவியவர் என்பது மரபு. அதே பெயரில் ஒரு தெய்வமும் உண்டு. காஷலின் அரசரும் ஆயருமாக இருந்து 908இல் இறந்த கோர்மாக்கின் பெயரால் வழங்கும் பழைய சொற்கோவை, அவளை டக்டா என்ற தெய்வத்தின் மகள் என்றும் கவிஞர்கள் வழிபட்ட தெய்வம் என்றும் சொல்கிறது. அவளுக்கு அதே பெயரில் இரண்டு சகோதரிகள்: ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லுலைக்கு. தெய்வம் எங்கே முடிந்து புனிதர் எங்கே தொடங்குகிறார் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கும்பிடுகிறவர்கள் அந்த எல்லையைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிப்ரவரி 1ஆம் தேதிக்கு முந்தைய இரவில் வீட்டுக்கு வெளியே ஒரு துணியைப் போட்டுவைப்பார்கள். அந்த வழியே போகும் பிரிஜிட் அதைத் தொட்டுவிட்டுப் போவாள் என்று நம்பிக்கை. தலைவலிக்கும் பிரசவத்துக்கும் அந்தத் துணி உதவும். தொட்டது தெய்வமா புனிதரா என்று அங்கே யார் கேட்பார்கள்?

தாயாகத் தெய்வப் பிரிஜிட் வெளிப்படும் இடம் மோய்துரா என்ற பழைய அயர்லாந்துப் போர்க்கதையில் சில வரிகளே. அவள் தெய்வ குலத்தவள். அவளை மணந்த பிரெஸ், எதிரிகளான ஃபோமோரியர் பக்கம் தந்தைவழி உறவு உள்ளவன். இவர்களுடைய மகன் ருவதான், தாயின் குலத்தாருடைய கொல்லுலைக்கே ஒற்றனாகப் போகிறான். அங்கே ஓர் ஈட்டி கேட்கிறான். கதை அவசரப்படுவதில்லை: முனையைக் கொடுத்தது கொல்லன், ஆணியைக் கொடுத்தது கன்னான், தண்டைக் கொடுத்தது தச்சன், சாணை பிடித்துக் கொடுத்தது ஒரு பெண் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. அத்தனை கைகளும் அவனுக்குத் தாய்வழி உறவு. அந்த ஈட்டியாலேயே கொல்லன் கொய்ப்னுவைக் குத்துகிறான். கொல்லன் அதைப் பிடுங்கித் திருப்பி எறிகிறான், பையன் செத்துப்போகிறான். பிரிஜிட் வந்து மகனுக்கு ஒப்பாரி வைக்கிறாள். அயர்லாந்தில் அழுகையும் ஓலமும் முதன்முதலாகக் கேட்டது அன்றுதானாம்.

எந்தப் பக்கத்துக்காக அழுதாள் என்று கதை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. ஆயுதமும் கொன்ற கையும் அவள் பிறந்த வீட்டினுடையவை. அந்த ஓலத்தை ஒட்டியே இன்னொரு செய்தியும் வருகிறது: இரவில் அடையாளம் தெரிவிக்கச் சீழ்க்கை ஒலியை உண்டாக்கியவளும் இவளே. இவ்வளவு பெரிய துக்கத்தின் ஓரத்தில் இந்தச் சின்னத் தகவலை ஒட்டவைத்த கதைசொல்லியை நான் மிகவும் மதிக்கிறேன். இருட்டில் தன்னவர் தன்னவரை அடையாளம் கண்டிருந்தால் பையன் பிழைத்திருப்பான் என்று ஒரு தாய் நினைத்திருப்பாள் என்பது என் வாசிப்பு.

அடுத்து, நெருப்பு. 1185இல் இளவரசர் ஜானுடன் அயர்லாந்து வந்த வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்ற குருவானவர், அந்நாட்டு மக்களைக் காட்டுமிராண்டிகள் என்றே எழுதியவர். ஆனால் பிரிஜிட்டின் கில்டேர் மடத்தில் எரிந்த அணையா நெருப்புக்கு வரும்போது அவருடைய எழுத்தே மாறிவிடுகிறது. பார்த்துப் பார்த்து எழுதுகிறார். நெருப்பைச் சுற்றிச் சுள்ளிகளால் வட்டமாக ஒரு வேலி. ஆண்கள் அதைத் தாண்டக் கூடாது. எத்தனையோ காலமாக விறகு எரிந்தும் சாம்பல் மட்டும் கூடுவதில்லை. பெண்கள்கூட அதை வாயால் ஊதக் கூடாது. துருத்தியாலோ முறத்தாலோதான் விசிற வேண்டும். வேலியைத் தாண்டிக் குதித்து நெருப்பை ஊதிய வில்வீரன் ஒருவனுக்குப் பித்துப் பிடித்து, கண்டவர் வாயிலெல்லாம் ஊதிக்கொண்டு திரிந்தானாம். தெய்வக் குற்றத்துக்குப் பொருத்தமான தண்டனை.

இவை எல்லாவற்றையும்விட நான் திரும்பத் திரும்பப் படிப்பது அவர் தரும் கணக்கை. பிரிஜிட் உயிரோடு இருந்தபோது அவளையும் சேர்த்து இருபது கன்னியர். ஆளுக்கு ஓர் இரவு நெருப்பைக் காக்கும் முறை. அவள் இறந்த பிறகு பத்தொன்பது பேர். ஒரு கன்னி இறந்தால் இன்னொருத்தி வருவாள். ஆனால் பிரிஜிட்டின் இடத்துக்கு மட்டும் யாரையும் போடவில்லை. பத்தொன்பதாம் இரவுக்குரியவள் விறகை நெருப்பின் பக்கத்தில் அடுக்கிவிட்டு, இன்று உன் முறை, உன் நெருப்பை நீயே பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். விடிந்து பார்த்தால் விறகு எரிந்து தீர்ந்திருக்கும், நெருப்பு அப்படியே இருக்கும்.

விறகு தானாக எரியவில்லை, நெருப்பு விறகில்லாமல் நிற்கவுமில்லை. மற்ற இரவுகளில் எவ்வளவு விறகு செலவாகுமோ அவ்வளவு அன்றும் செலவாகியிருக்கிறது. இப்படி ஓர் அற்புதத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. தெய்வம் தன் முறைக்கு வந்து, மற்றவர்கள் செய்யும் அதே வேலையை அதே அளவில் செய்துவிட்டுப் போயிருக்கிறது. படுத்த படுக்கையாக இருக்கும் பெற்றோரை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிறவர்களும், இரவு முழுக்கக் கைக்குழந்தையோடு விழித்திருக்கிறவர்களும் இன்று பிரிஜிட்டிடம் வருவதற்கு இந்த ஓர் இரவு போதும் என்று நினைக்கிறேன். வரம் தருகிற தாய்மார் பல தேசங்களில் உண்டு. பத்தொன்பது இரவும் முறைவைத்து உழைத்தவர்களைப் போய்த் தூங்குங்கள் என்று அனுப்பிவைக்கிற தாய் அரியவள்.

1220இல் டப்ளின் பேராயர் ஹென்றி நெருப்பை அணைக்கச் சொன்னார். மறுபடி ஏற்றினார்கள், 16ஆம் நூற்றாண்டில் மடங்களை ஒழித்தபோது அதுவும் போயிற்று. 1993இல் பிரிஜிடைன் கன்னியர் சபையின் அப்போதைய தலைவி மேரி தெரசா கல்லன், நீதிக்கும் அமைதிக்குமான ஒரு மாநாட்டின்போது கில்டேர் சதுக்கத்தில் அதைத் திரும்ப ஏற்றினார். இரு பக்கத்துக்கும் சொந்தமான மகனுக்காக அழுதவளின் சுடரை அமைதி வேண்டுகிற கூட்டம் ஏற்றியதைவிடப் பொருத்தம் வேறில்லை. அன்றிலிருந்து கன்னியர் அதைக் காத்துவருகிறார்கள். 2023 முதல் அவள் பெயரில் அயர்லாந்தில் அரசு விடுமுறையும் உண்டு.

அதே 1993இல் கனடாவின் வான்கூவரில் ‘சுடரின் மகள்கள்’ என்ற பெண்கள் குழு தொடங்கியது. இவர்களுக்குக் கோயிலும் மடமும் இல்லை. ஒரு மாலையிலிருந்து மறு மாலைவரை தன் வீட்டிலேயே சுடரைக் காப்பது ஒவ்வொருத்தியின் முறை. பிரிஜிட்டைத் தெய்வமாகக் கொண்டவர்களும் புனிதராகக் கொண்டவர்களும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியல் இருபது நாளுக்கு ஒரு சுற்று; பத்தொன்பது நாள் இவர்களுக்கு, ஒரு நாள் அவளுக்கு.