எம். பிரண்டேஜ்: திகில் பத்திரிகை அட்டைகளை வரைந்த ஒரு பெண்

தில்லி தரியாகஞ்சில் ஞாயிறுதோறும் நடைபாதையில் பழைய புத்தகங்களைப் பரப்பி விற்ற காலம். (2019-இல் அந்தச் சந்தையை மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.) அங்கே ஒரு குவியலில் பழைய அமெரிக்கத் திகில் கதைப் பத்திரிகைகளின் அட்டைப்படங்களைத் தொகுத்த தடிமனான புத்தகம் ஒன்று கிடைத்தது. முன்னட்டை கிழிந்திருந்ததால் பேரம் சுலபமாகப் படிந்தது. வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் என் மனைவி அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். "இதைக் கூடத்துல வைக்காதீங்க, நாலு பேர் வந்து போற இடம்" என்று சொல்லி, அன்றைய இந்தி நாளிதழைக் கிழித்து உறையும் போட்டுவிட்டாள்.

"யாரு வரைஞ்சது, எவனோ ஒரு வக்கிரம் பிடிச்சவன்" என்றாள்.

"எவனும் இல்ல. பொம்பளை. மார்கரெட்னு பேரு."

ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்போ அது இன்னும் தப்பு."

அந்த ஒரு வாக்கியத்துக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. மார்கரெட் பிரண்டேஜின் அட்டைகளைப் பற்றி மலருக்கு எழுத உட்கார்ந்தபோதுதான், அந்தப் பதிலைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது விளங்கியது.

பத்திரிகையும் ஓவியரும்

'வியர்ட் டேல்ஸ்' 1923 மார்ச் மாதம் சிகாகோவில் தொடங்கியது. மட்ட ரகக் காகிதத்தில் அச்சாகும் இப்படிப்பட்ட இதழ்களை அமெரிக்காவில் 'பல்ப்' என்பார்கள். உள்ளே காகிதம் எப்படியிருந்தாலும் அட்டை மட்டும் பளபளவென்று வண்ணத்தில் இருக்கும். கடையில் டஜன் கணக்கான இதழ்கள் தொங்கும்போது வாங்குபவன் கையை இழுப்பது அட்டைதானே! 1924 முதல் 1940 வரை இதன் ஆசிரியராக இருந்தவர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட். எச்.பி. லவ்கிராஃப்ட், ராபர்ட் இ. ஹோவர்ட், கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் ஆகியோர் பேர் வாங்கியது இந்தப் பத்திரிகையில்தான்.

மார்கரெட் 1900 டிசம்பர் 9-இல் சிகாகோவில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் ஜான்சன். உயர்நிலைப் பள்ளியில் வால்ட் டிஸ்னி உடன் படித்தவர். பிறகு சிகாகோ நுண்கலைக் கழகத்தில் பயின்று, பத்திரிகைகளுக்குப் பெண்களின் உடை அலங்காரப் படங்கள் வரைந்து சம்பாதித்துக்கொண்டிருந்தார். இந்தப் பழைய தொழிலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் உதவும். கணவர் ஸ்லிம் பிரண்டேஜ் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர், தீவிரத் தொழிற்சங்கக்காரர், பேச்சாளி. சிகாகோவில் கலகக்காரர்களும் கவிஞர்களும் கூடிய 'டில் பிக்கிள் கிளப்' என்ற இடத்தில் புழங்கிய தம்பதி. புரட்சி பேசிய வீட்டில் அடுப்பெரிய மனைவிதான் சம்பாதிக்க வேண்டியிருந்தது. 1939-இல் விவாகரத்து. மகனைக் காப்பாற்றும் பொறுப்பு மார்கரெட் தலையில்.

1932 செப்டம்பர் இதழில் அவருடைய முதல் 'வியர்ட் டேல்ஸ்' அட்டை வந்தது. 1933 ஜூன் முதல் 1936 ஆகஸ்ட்-செப்டம்பர் இதழ் வரை தொடர்ந்து 39 அட்டைகள், இடையில் வேறு ஒருவர் கைபடாமல்! 1945 ஜனவரி வரை மொத்தம் 66. ஒரு படத்துக்கு 90 டாலர். பொருளாதார மந்தம் அமெரிக்காவை வாட்டிய வருஷங்களில் அது சின்னத் தொகை இல்லை.

வேலை நடந்த விதம் இது. ரைட் கதையைக் கொடுப்பார். மார்கரெட் பென்சிலில் இரண்டு மூன்று மாதிரி போட்டுக் காட்டுவார். ரைட் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதைப் பேஸ்டல் வண்ணக்கட்டியால் வரைந்து கொடுப்பார். மற்ற அட்டை ஓவியர்கள் பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தில் போட, இவர் மட்டும் விரலால் தொட்டாலே அழியும் பேஸ்டலில் வரைந்தார். அதனால்தான் அந்த மேனிகளுக்கு ஒரு மென்மையும், பின்னணிக்கு ஒரு புகைமூட்டமும் வந்தது. எண்ணெய் வண்ணத்தில் பூதம் உறுமும். பேஸ்டலில் பூதமும் பட்டுத்துணிபோல ஆகிவிடும். இது அவருடைய பலம், பலவீனம் இரண்டுமே. அவர் வரைந்த ஆண்களும் அரக்கர்களும் பல சமயம் நாடக வேஷக்காரர்கள் மாதிரி இருப்பார்கள். ஹோவர்டின் கோனன் கதைகளுக்கு 9 அட்டை போட்டார். கதையில் மலையைப் புரட்டுகிற கோனன், படத்தில் சலூனுக்குப் போய்வந்த நடிகன்போல நிற்பான். பயம் காட்டுவது இவருக்குக் கைவந்த கலை அல்ல என்பதை ஒப்புக்கொண்டுவிடலாம்.

முதலெழுத்துக்குப் பின்னால்

படங்களில் அவர் போட்ட கையெழுத்து 'எம். பிரண்டேஜ்'. அட்டைகளில் ஆடை குறைந்த பெண்கள் வருவது சரியா தவறா என்று இதழின் வாசகர் கடிதப் பகுதியில் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. இலக்கியத் தரமுள்ள பத்திரிகையைக் கேவலப்படுத்துகிறார் ஓவியர் என்றார்கள் சிலர். நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள் சிலர். வரைவது ஒரு பெண் என்று 1934 அக்டோபரில்தான் வாசகர்களுக்குத் தெரிந்தது.

அதே அக்டோபர் இதழின் அட்டைக் கதை சி.எல். மூர் எழுதிய 'பிளாக் காட்ஸ் கிஸ்'. சி.எல். என்றால் கேதரின் லூசில், அவரும் பெண். வங்கியில் வேலை பார்த்தவர், கதை எழுதிச் சம்பாதிப்பது முதலாளிகளுக்குத் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று முதலெழுத்துகளுக்குள் ஒதுங்கியதாகப் பிற்பாடு சொன்னார். மார்கரெட்டின் முதல் அட்டைக்குரிய கதையை எழுதிய ஜி.ஜி. பென்டார்வஸும் இங்கிலாந்துப் பெண்மணிதான். பெண்கள் எழுதி, பெண் வரைந்து, எல்லாம் வெறும் முதலெழுத்துகளாகக் கடைக்குப் போயிருக்கின்றன.

மூன்று அட்டைகள்

இனி மனைவியின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். "வயித்துப் பாட்டுக்காக வரைந்தார், விட்டுவிடலாம்" என்று சொல்வது சுலபம். அது இரக்கமாகுமே தவிர விமரிசனமாகாது. படங்களைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 1933 செப்டம்பர். ஹோவர்டின் 'தி ஸ்லிதரிங் ஷேடோ' கதை. பாலைவனத்தில் ஒரு மாயநகரம், அங்கே மனிதர்களை விழுங்கும் நிழல்தெய்வம், அதோடு கோனன் போடும் சண்டை. இவ்வளவும் இருக்க, அட்டைக்கு எடுக்கப்பட்டது கதையில் சிறிது நேரமே வரும் காட்சி: ஒருத்தி இன்னொருத்தியைச் சவுக்கால் அடிக்கிறாள். இதழ் அமோகமாக விற்றுத் தீர்ந்தது, இன்னும் அச்சடித்திருக்கலாமே என்று அலுவலகத்தில் அங்கலாய்த்தார்கள் என்பதை மார்கரெட்டே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்தப் படத்தைப் பொறுத்தவரை என் மனைவி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பார்ப்பவனைக் கதவிடுக்கில் நிற்கவைக்கிற படம் இது. வரைந்தது பெண் என்பதால் கதவிடுக்கு வேறொன்றாக மாறிவிடாது.

இரண்டாவது, அதற்கு அடுத்த மாதமே வந்தது. 1933 அக்டோபர், 'தி வேம்பயர் மாஸ்டர்' கதைக்கான அட்டை. வௌவால் முகமூடி அணிந்த ஒரு பெண், கைகளை உயர்த்தி நிற்கிறாள். காப்பாற்ற வரும் வீரன் இல்லை, துரத்தி வரும் பூதம் இல்லை, கட்டிப்போட்ட கயிறும் இல்லை. அவள் நேரே நம்மைப் பார்க்கிறாள். மேலே ஆடை இல்லை என்பதை, அந்தப் பார்வையைத் தாண்டித்தான் கவனிக்க முடிகிறது. பேட்மேன் என்ற பாத்திரம் காமிக்ஸில் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பு வந்த படம் என்று ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியம் வேறொன்று. போன மாதம் ஒளிந்து நின்று பார்த்தவன், இந்த மாதம் பிடிபட்டுவிட்டான். திகில் பத்திரிகையின் அட்டையில் திகிலே அந்தப் பெண்தான். உடையையும் நிற்கும் தோரணையையும் வைத்தே ஒருத்தியின் அதிகாரத்தைக் காட்டத் தெரிந்த கை அது. உடை அலங்காரப் படம் வரைந்து பழகிய கை.

ஒரே கை, ஒரே கூலி, ஒரே ஆசிரியர், முப்பது நாள் இடைவெளி. அப்படியானால் தொழில் நிர்ப்பந்தம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொல்ல முடியாது. அந்த நிர்ப்பந்தத்துக்குள்ளேயே ஒரு படம் தரம் இறங்கவும், ஒரு படம் எழுந்து நிற்கவும் இடம் இருந்திருக்கிறது.

மூன்றாவது, நான் முன்பு சொன்ன 1934 அக்டோபர் அட்டை. மூரின் கதாநாயகி ஜைரல் ஒரு கோட்டைக்குத் தலைவி, வாளேந்திப் போர் புரிபவள். தன்னைத் தோற்கடித்து வலிந்து முத்தமிட்டவனைப் பழிவாங்க ஆயுதம் தேடிப் பாதாள உலகத்துக்கு இறங்குகிறாள். அங்கே ஒரு கருஞ்சிலையை முத்தமிட்டு, அந்த முத்தத்தையே ஆயுதமாகக் கொண்டுவருகிறாள். கதையில் அவள் இரும்புக் கவசம் பூண்டவள். அட்டையிலோ கவசம் காணோம். மெல்லிய துணியோடு சிலையைத் தழுவி நிற்கிறாள். ஒரு பெண் எழுத்தாளர் மாட்டிய கவசத்தை ஒரு பெண் ஓவியரே கழற்றிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமே வந்தது. ஆனால் திரும்பத் திரும்பப் பார்த்தபின் ஒன்று தோன்றியது. முத்தமிடுபவள் அவள், சிலைதான் அசைவற்றுக் கிடக்கிறது. கவசம் போனாலும் காரியம் அவள் கையிலேயே இருக்கிறது. இந்தப் படத்தை என்னால் முழுக்க மெச்சவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. 1936 ஜூலையில் 'ரெட் நெயில்ஸ்' கதைக்குப் போட்ட அட்டையில் இந்தச் சமாதானம்கூட இல்லை. வாள்வீச்சில் பேர் போன வலேரியா அங்கே பலிபீடத்தில் கிடக்கிறாள்.

நம் ஊர் மாதிரி ஒரு ஊர்

இந்தியர்களாகிய நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1934 செப்டம்பரில் தொடங்கிய ஹோவர்டின் 'தி பீப்பிள் ஆஃப் தி பிளாக் சர்க்கிள்' கதை வெந்தியா என்ற கற்பனை நாட்டைப் பற்றியது. சந்தேகமே வேண்டாம், அது இந்தியாதான். நாயகி பெயர் தேவி யாஸ்மினா. முன்பாதி சமஸ்கிருதம், பின்பாதி பாரசீகம்! மந்திரவாதிகள், மலைக்குகைகள், மயக்கும் ராணி என்று ஐரோப்பியர் கீழ்த்திசையைப் பற்றி வைத்திருந்த சரக்கு முழுதும் அதில் இருக்கிறது. அந்த இதழின் அட்டையும் மார்கரெட் வரைந்ததே. சிகாகோவில் உட்கார்ந்து அவர் வரைந்த கீழ்நாட்டுப் பெண்களுக்கும் சிகாகோ துணிக்கடை விளம்பரப் பெண்களுக்கும் முகத்தில் அதிக வித்தியாசம் இருக்காது. வில்லன்களுக்கு மட்டும் வேற்று நாட்டு முகம். பெண்களுக்கு அவர் சில சமயம் வாங்கிக்கொடுத்த கௌரவத்தை, நம்மைப் போன்ற அன்னிய ஜாதியாருக்கு வாங்கிக்கொடுக்கவில்லை. இதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

கடைசிக் காலம்

ஹோவர்ட் 1936 ஜூன் 11-இல் தற்கொலை செய்துகொண்டார். செய்தி வந்த அன்று அலுவலகத்தில் ரைட்டும் தானும் நெடுநேரம் அழுதுகொண்டிருந்ததாக மார்கரெட் சொல்லியிருக்கிறார். அவருக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் ஹோவர்ட்தான். கதையைப் படிக்காமல் அட்டை போடுகிற கூலிக்கை அல்ல இவர் என்பதற்கு இது போதும்.

1938-இல் பத்திரிகை கைமாறி நியூயார்க்குக்குப் போயிற்று. தொட்டால் அழியும் பேஸ்டல் படத்தைச் சிகாகோவிலிருந்து அனுப்புவது பெரும்பாடு. போதாததற்கு நியூயார்க்கில் மேயர் லா கார்டியா காலத்து ஆபாச எதிர்ப்பு நடவடிக்கைகள் வேறு. எதற்காக அவரைத் தேடி வந்தார்களோ அதற்காகவே ஒதுக்கினார்கள். 1940-இல் ரைட் பதவி இழந்து, அதே வருஷம் காலமானார். அப்புறம் மார்கரெட்டுக்கு வந்த வேலை கொஞ்சம்தான். விற்பனையை ஏற்றிவிட்டவருக்குப் பென்ஷனா கொடுக்கப் போகிறார்கள்? மூலப்படங்களில் பல அழிந்தன, சில திருடுபோயின. 1976 ஏப்ரல் 9-இல் சிகாகோவில் இறந்தபோது கையில் காசில்லாத நிலைதான். இன்று தப்பிப் பிழைத்த மூலப்படங்களைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

என் தீர்ப்பு இதுதான். மார்கரெட் பிரண்டேஜைப் பெண் என்பதற்காக மன்னிக்கவும் வேண்டாம், பெண் என்பதற்காக இரட்டைத் தண்டனை கொடுக்கவும் வேண்டாம். சவுக்குப் படத்துக்கு அவர் பொறுப்பு, ஆசிரியர் ரைட்டும் பொறுப்பு, காசு கொடுத்து வாங்கியவர்களும் பொறுப்பு. வௌவால் முகமூடிப் படத்துக்கு முழுப் பெருமையும் அவருக்கே. அறுபத்தாறில் அப்படி எழுந்து நிற்பவை ஐந்தாறு தேறும். சந்தைக்காக மாதாமாதம் வரைந்த ஒருவருக்கு அது குறைச்சலான விளைச்சல் இல்லை.

எழுதி முடித்ததை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "சவுக்குப் படத்தைப் பத்திச் சொன்னது சரி. அந்தக் கவசம் கழட்டின படத்துக்கு நீங்க சொல்றது சமாளிப்பு" என்றாள். இருக்கலாம். புத்தகம் இன்னும் இந்தி நாளிதழ் உறைக்குள்தான் இருக்கிறது. வௌவால் முகமூடி வரும் பக்கத்தை மட்டும் அவள் இரண்டாம் தடவை வாங்கிப் பார்த்தாள்.