கழுகுக்கு ஒரு கோயில், உவமைக்கு ஒரு வழக்கு

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மூலவர் விஜயராகவப் பெருமாள், தாயார் மரகதவல்லி. பெருமாளின் மடியில் ஜடாயு. கோயிலுக்கு முன்னால் இருக்கும் குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். ராவணனோடு போரிட்டு விழுந்த கழுகுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலவரலாறு. வழக்கமாகப் பெருமாளுக்கு வலப்புறம் தாயார் சன்னிதியும் இடப்புறம் ஆண்டாள் சன்னிதியும் இருக்கும். இங்கே அவை இடம் மாறியிருக்கின்றன.

பக்தர்களுக்கு இது ராமன் ஊர். இலக்கியம் படிக்கிறவர்களுக்கும் இதில் சரிபாதி உரிமை உண்டு என்பேன். சமயம் நம் இலக்கியத்தை என்ன செய்தது என்று கேட்டால் நாம் பெரும்பாலும் இரண்டே பதில்களைச் சொல்கிறோம்: வளர்த்தது என்பார் சிலர், கட்டிப்போட்டது என்பார் சிலர். மூன்றாவதாக ஒரு பதில் திருப்புட்குழியில் இருக்கிறது. சமயம் நம்மை எழுத்தெண்ணிப் படிக்க வைத்தது. ஒரு பாத்திரத்தின் செயலை, ஒரு உவமையின் பொருத்தத்தை உயிர்போகிற விஷயமாக எடுத்துக்கொண்டு விவாதிக்கும் வாசகர்களை அது உருவாக்கியது.

முதலில் உவமை. 1017இல் பிறந்த ராமானுசர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் படித்தது இந்தத் திருப்புட்குழியில்தான் என்பது வைணவ மரபு. சாந்தோக்கிய உபநிடதத்தில் பரம்பொருளின் கண்களைத் தாமரைக்கு ஒப்பிடும் ஓர் இடம் வருகிறது. அந்தத் தாமரைக்கு அடைமொழியாக நிற்கும் சொல் ‘கப்யாசம்’. குரங்கு உட்காரும் இடம், அதாவது அதன் பின்புறம்போல் சிவந்த தாமரை என்று பழைய உரைவழி நின்று பொருள் சொன்னார் ஆசிரியர். அப்போது அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணிலிருந்து சுடுநீர் ஆசிரியரின் தொடையில் விழுந்தது என்கின்றன குருபரம்பரை நூல்கள்.

இதை வெறும் பக்திக் கதையாக ஒதுக்கிவிடக் கூடாது. இந்த உவமை உறுத்தும் என்பது ஆதிசங்கரருக்கே தெரிந்திருக்கிறது. தம் உரையில் அவர் சமாதானமும் சொல்கிறார்: குரங்கின் பின்புறம் தாமரைக்குத்தான் உவமை, தாமரைதான் கண்ணுக்கு உவமை, உவமைக்கு உவமையாக வருவதால் இழிவில்லை. கூர்மையான வாதம். ஆனாலும் கவிதை படிக்கிறவன் மனசு இதை ஏற்பதில்லை. உவமை என்பது தர்க்கத்தில் படிப்படியாக ஏறிப் போவதில்லை. கேட்ட மாத்திரத்தில் மொத்தமாகக் கண்முன் வந்து நிற்கிறது. வந்து நின்றபின் குரங்கை எப்படி மறைப்பது?

ராமானுசர் பின்னாளில் வேதார்த்த சங்கிரகத்தில் இதற்குத் தம் பதிலை எழுதினார். அதே சொல்லை வேறு விதமாகப் பிரித்தார். நீரைக் குடிக்கிறவன் கதிரவன். அவனால் மலர்த்தப்பட்டது தாமரை. நீரைக் குடிப்பது தண்டு. அதன்மேல் நிற்பது தாமரை. நீரில் இருப்பதும் அதே தாமரைதான். ஆழமான நீரில் பிறந்து, செழித்த தண்டின்மேல் நின்று, வெயில் பட்டு அப்போதுதான் விரிந்த பூவின் இதழாக அந்தக் கண்களை அவர் வர்ணிக்கும்போது, வெறும் நிற ஒப்புமையாக இருந்த உவமைக்குள் குளமும் காலைப்பொழுதும் வந்துவிடுகின்றன. இறைவன் அழகன், குணக்கடல் என்ற கொள்கை இல்லாதவருக்கு இந்தத் தேடலே தோன்றியிருக்காது. கொள்கை கேள்வியை எழுப்பியது, ரசனை விடையைக் கண்டுபிடித்தது. ஒரு உவமைக்காகக் குருவும் சீடனும் மனம் பிரிந்த ஊர் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இனி கழுகு. வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் இரத்தம் தோய்ந்து கிடக்கும் ஜடாயுவை முதலில் காணும் ராமன், சீதையைத் தின்றது இந்தப் பறவைதான் என்று எண்ணி அம்பைத் தொடுக்கிறான். உண்மை தெரிந்ததும் வில்லை எறிந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுகிறான். சீதையை இழந்த துயரத்தைவிட எனக்காக இவர் செத்த துயரம் பெரிது என்கிறான். தசரதன் எனக்கு எப்படியோ அப்படியே இவர் என்று சொல்லித் தீ மூட்டுகிறான். தருப்பை பரப்பிப் பிண்டம் வைக்கிறான். கோதாவரியில் இறங்கி நீர்க்கடன் செய்கிறான்.

கம்பரில் அந்தச் சந்தேகம் இல்லை. அவருடைய ராமன் வழியெல்லாம் ஒடிந்த வில்லையும் சிதறிய கவசத்தையும் போர்க்களத்தின் மிச்சங்களையும் பார்த்துக்கொண்டே வருகிறான். பார்த்ததும் ஜடாயுவின்மேல் விழுந்து அழுகிறான். கம்பர் ஏன் அம்பை நீக்கினார்? ஆழ்வார்கள் பாடி முடித்த நாட்டில் எழுதுகிறவர் அவர். அவருக்கு முன்னால் இருக்கும் ராமன் பரம்பொருள். தனக்காக உயிர்விட்ட அடியவனை ஒரு நொடிகூடச் சந்தேகிக்க மாட்டான். பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து ராவணன் சீதையைத் தொடாமல் எடுத்துப் போவதும் இதே மனப்பாங்கில் பிறந்ததுதான்.

இதில் ஓர் இழப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எய்ய எடுத்த அம்பைக் கீழே போட்டு அழும் மனிதனின் திகைப்பு வால்மீகிக்கே சொந்தம். கம்பர் அதைக் கொடுத்து வாங்கியது என்ன? ஒரு மகனை வாங்கினார். சடாயு காண் படலத்திலேயே அதற்கு அஸ்திவாரம் போட்டுவிடுகிறார். தசரதன் இறந்த செய்தியை அங்கேதான் ஜடாயு அறிகிறான். நண்பனை நினைத்துப் புலம்பி, தானும் உயிரை விடத் துணிகிறான். பெற்றவரை இழந்தோம், நீங்களும் போய்விட்டால் எங்களுக்கு யார் என்று பிள்ளைகள் தடுக்கிறார்கள். இது வால்மீகியில் இல்லாத காட்சி.

அதனால்தான் ஈமக்கடன் பாடலை அடையும்போது நமக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்தப் பாட்டை மெல்லப் படித்துப் பாருங்கள். அகில் கட்டைகள் வருகின்றன, சந்தனம் குவிகிறது, தருப்பை ஒழுங்காகிறது, பூ சிந்துகிறது, மணலில் மேடை அமைகிறது, தெளிந்த நீர் வருகிறது. எல்லாம் சடங்குப் பொருள்கள். ஒன்றன்பின் ஒன்றாக, பதற்றமில்லாமல். துக்கம் என்ற சொல்லே இல்லை. எல்லாம் முடிந்தபின் ராமன் தன் கைகளால் தூக்குகிறான். யாரை? கவி அந்த இடத்தில் பறவை என்றோ கழுகரசன் என்றோ சொல்லவில்லை, தகப்பன் என்கிறார். தன் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கக் கொடுத்துவைக்காத மகன், காட்டில் ஒரு பறவைக்கு அதைச் செய்கிறான். சடங்கின் வரிசையையே சோகத்தின் வரிசையாக மாற்றிய இந்த இடத்தைத் தமிழ்க் கவிதையின் உச்சங்களில் ஒன்றாக வைப்பேன்.

கொள்கை மாறினால் கதை எப்படி மாறும் என்பதற்கும் ஜடாயுவே சாட்சி. சீர்காழிக்கு அருகே உள்ள வைத்தீசுவரன் கோயிலின் பழம்பெயர் புள்ளிருக்குவேளூர். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அந்த ஊரைப் பாடிய பதிகத்திலும் ராவணனை எதிர்த்த ஜடாயு வருகிறான். அங்கே அவன் சிவனைப் பூசித்த அடியவன். வீரம் அதே வீரம், பறவை அதே பறவை; சைவம் அதன் கையில் பூக்கூடையைக் கொடுத்தது, வைணவம் அதற்கு ஒரு மகனைக் கொடுத்தது. கும்பகோணம் பக்கத்துத் திருப்புள்ளம்பூதங்குடியிலும் ஜடாயுவுக்கு ராமன் கடன் செய்ததாகவே தலவரலாறு. கோதாவரிக் கரையில் நடந்த ஒரு மரணத்தைத் தமிழ்நாடு தன் ஊர்களில் எத்தனை இடத்தில் வைத்து அழுதிருக்கிறது!

வைணவ ஆசாரியர்கள் ஜடாயுவைப் பெரிய உடையார் என்பார்கள். அவர்கள் இந்தக் கட்டத்தை விட்டபாடில்லை. மனிதனாகவே நடந்துகொள்வேன் என்று பிறந்த ராமன், ஒரு பறவைக்கு உயர்ந்த உலகங்களை எந்த அதிகாரத்தில் கொடுத்தான்? கூரத்தாழ்வானின் மகன் பராசர பட்டரிடம் ஓர் அரசன் இதைக் கேட்டதாக ஒரு செய்தி உண்டு. ராமன் சத்தியத்தால் உலகங்களை வென்றவன் என்று ராமாயணத்திலேயே சொல்லியிருக்கிறதே, வென்றதைக் கொடுத்தான் என்றாராம் பட்டர். எவ்வளவு அழகான பதில்! வெளியிலிருந்து ஒரு சாத்திரத்தை இழுத்து வரவில்லை. காவியத்துக்குள் எழுந்த கேள்விக்குக் காவியத்துக்குள்ளேயே வேறொரு இடத்தில் விடை எடுத்தார். தேர்ந்த விமர்சகனின் வேலை இது.

அந்த வாசிப்பு ஏட்டோடு நிற்கவும் இல்லை. ஆளவந்தாரின் சீடர் மாறனேரி நம்பி ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் மறைந்தபோது ராமானுசரின் ஆசாரியரான பெரிய நம்பி தாமே ஈமக்கடன் செய்தார். ஊர் கொதித்தது. கேட்டபோது, ராமனைவிட நான் உயர்ந்தவனும் இல்லை, ஜடாயுவைவிட இவர் தாழ்ந்தவரும் இல்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக மரபு. பிள்ளை லோகாசாரியாரின் ஸ்ரீவசன பூஷணம் அடியாரின் பெருமையைப் பேசும் இடத்தில் பெரிய உடையாரையே முன்னுதாரணம் காட்டுகிறது. ஒரு காவியக் காட்சி, ஊர்க் கட்டுப்பாட்டுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. இறையியல் இலக்கியத்தை வடிவமைத்தது என்று சொல்லும்போது, இலக்கியம் இறையியலுக்கு முதுகெலும்பு கொடுத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருப்புட்குழியைப் பாடியவர்களிடமும் இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்க்கலாம். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இந்த ஊரை நேராக வர்ணிக்கவில்லை. மகள் புட்குழியைப் பாடுகிறாள், திருநீர்மலைக்குப் போகலாமா என்கிறாள் என்று தாய் ஒருத்தி புலம்புவதாக வைக்கிறார். சங்க அகத்திணையின் தாய் இவள். மகள் மயங்கியிருப்பது மட்டும் இறைவனிடம். பெரிய திருமடலில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பெண் மடலேறுவதாக, அதாவது காதலுக்காகப் பனைமடல் குதிரையில் ஏறுவதாகச் சொல்லும் வழக்கம் தமிழ் அகமரபில் இல்லை. அந்த மரபை ஒப்புக்கொள்ளமாட்டோம் என்று தலைவியே துணிந்து சொல்கிறாள். அந்தப் பெருங்காதலின் நடுவே புட்குழிப் பெருமாளைப் போரேறு என்று அழைக்கிறார். 1268இல் காஞ்சியின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், இந்தப் பெருமாள்மேல் பரமார்த்த ஸ்துதி என்று பத்து சுலோகம் செய்தபோது அவனை ரணபுங்கவன் என்றார். ஆழ்வாரின் தமிழ்ப் பெயர் வடமொழிக் கவிதைக்குள் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது.

இன்று நம் பாடப்புத்தகத்தில் கம்பர் அணிநயத்துக்கு உதாரணமாக இருக்கிறார், வியாக்கியானங்கள் பூஜை அலமாரியில் இருக்கின்றன. இரண்டும் பேசிக்கொள்வதில்லை. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் விஷயம். ஆனால் நம்பியவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று தெரியாமல் இந்தக் கவிதைகளின் முழு ஆழம் பிடிபடாது. பக்திமான்களும் தலவரலாற்றைக் கேட்டுத் தீர்த்தம் வாங்கிக்கொண்டதோடு நிற்காமல், கம்பரின் சடாயு உயிர் நீத்த படலத்தை ஒரு தரம் முழுசாகப் படிக்க வேண்டும். கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் அரை நாள் ஒதுக்கித் திருப்புட்குழிக்குப் போய் வாருங்கள். போவதற்கு முந்தின இரவு அந்தப் படலத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.