ஹிஸ்டீரியா: ஒரு வேர்ச்சொல்லின் அரசியல்

சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டம். பெண் தோழர் ஒருவர் எழுந்து, மாநாட்டுக்கு வசூலித்த பணத்தின் கணக்கு ஏன் இன்னும் வைக்கப்படவில்லை என்று கேட்டார். இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. மூன்றாவது முறை குரல் உயர்ந்தது. மேடையிலிருந்த மூத்த தோழர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "விடுங்க தோழர், அந்தம்மாவுக்குக் கொஞ்சம் ஹிஸ்டீரியா." மைக்கில் அதுவும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'ஹிஸ்டெரா' என்றால் பண்டைக் கிரேக்கத்தில் கருப்பை. மருத்துவத்தில் இந்த வேருக்குப் பெரிய குடும்பம் உண்டு. கருப்பையை வெட்டி எடுப்பது ஹிஸ்டரெக்டமி. கீறித் திறப்பது ஹிஸ்டரோடமி. உள்ளே கருவிவிட்டுப் பார்ப்பது ஹிஸ்டரோஸ்கோபி. குழந்தையில்லை என்று போகும் பெண்களுக்கு மருந்தைச் செலுத்திக் கருப்பையையும் குழாய்களையும் எக்ஸ்ரே எடுப்பது ஹிஸ்டரோசால்பிங்கோகிராம். (காந்தவியலில் வரும் ஹிஸ்டெரிசிஸ் இந்தக் குடும்பமல்ல, அது 'பின்தங்குதல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் ஆக்கப்பட்டது.) இவையெல்லாம் ஓர் உறுப்பையும் அதன்மேல் நடக்கும் செயலையும் சொல்லி நின்றுவிடுகின்றன. ஹிஸ்டீரியா மட்டும் வேறு ரகம். அது உறுப்பின் பெயரைச் சொல்லி ஆள்மீது தீர்ப்பு எழுதுகிறது.

ஹிஸ்டரெக்டமியைக் 'கருப்பை நீக்கம்' என்று தமிழாக்கிக்கொண்டோம். ஹிஸ்டீரியாவை அப்படியே வைத்திருக்கிறோம். வேர்வழியே அதைத் தமிழாக்கிப் பாருங்கள். "அந்தம்மாவுக்குக் கொஞ்சம் கருப்பைக் கோளாறு" என்று அந்த மேடையில் அவர் சொல்லியிருக்க முடியுமா? கிரேக்கச் சொல் மருத்துவத்தின் கௌரவத்தோடு வருவதால் வசவு வசவாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் நூல்கள், வறண்டுபோன கருப்பை ஈரம் தேடி உடலுக்குள் இடம்பெயரும், மூச்சை அடைக்கும் என்கின்றன. பிளேட்டோவின் 'திமேயுஸ்' கருப்பையைப் பிள்ளைப்பேற்றுக்கு ஏங்கும் ஓர் உயிர்ப்பிராணி என்றே வருணிக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே எபேசஸ் நகரத்து மருத்துவர் சொரானஸ், கருப்பை ஒன்றும் குகையைவிட்டுக் கிளம்பும் விலங்கல்ல என்று மறுத்துவிட்டார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஹிஸ்டீரியா என்று ஒரு நோய் ஹிப்போகிரட்டஸ் நூல்களில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் லித்ரே செய்த பிரெஞ்சுப் பதிப்பின் தலைப்புகளே அந்தப் பெயரை அங்கே ஏற்றின என்று ஹெலன் கிங் 1993-இல் காட்டினார். ஆக, இந்தச் சொல்லின் 'தொன்மை' பெரும்பாலும் நவீன மருத்துவம் தனக்குத் தேடிக்கொண்ட தொன்மை. பெண்ணுடலை ஹிஸ்டீரியாமயமாக்கியதை நவீன அதிகாரத்தின் உத்திகளில் ஒன்றாக ஃபூக்கோ 1976-இல் சொன்னதை இதோடு சேர்த்து வாசிக்கலாம்.

1886-இல் வியன்னாவில் ஆண்களுக்கும் ஹிஸ்டீரியா வருவது பற்றி ஃபிராய்டு பேசினார். கேட்டிருந்த வயதான அறுவை மருத்துவர் ஒருவர், அந்தச் சொல்லுக்கே கருப்பை என்றுதானே அர்த்தம், ஆணுக்கு எப்படி வரும் என்று மறுத்தாராம். 1925-இல் வெளியான தன்வரலாற்றில் ஃபிராய்டே இதைச் சொல்கிறார். யாருக்கு நோய் வரலாம், யாருக்கு வரக்கூடாது என்பதைச் சொற்பிறப்பியல் தீர்மானித்திருக்கிறது! முதல் உலகப்போரில் ஆண்கள் வாயடைத்து, கைகால் விளங்காமல், நடுங்கிக்கொண்டு போர்முனையிலிருந்து வந்தபோது 'ஷெல் ஷாக்' என்ற புதுப்பெயர் 1915-இல் மருத்துவ இதழில் ஏறியது. பிரிட்டிஷ் ராணுவத்தில் பெரும்பாலும் அதிகாரிக்கு 'நியூரஸ்தீனியா', அதாவது நரம்புத் தளர்ச்சி. சாதாரணச் சிப்பாய்க்கு ஹிஸ்டீரியா. கருப்பை இல்லாதவனுக்கும் வர்க்கம் பார்த்துக் கருப்பையை ஒட்டவைத்தார்கள்.

நம்மூருக்கு வருவோம். பெண்ணுக்குப் பேய் பிடித்தது என்றார்கள். பகுத்தறிவாளர்கள், பேயாவது பிசாசாவது, அது ஹிஸ்டீரியா என்று விளக்கினார்கள். பேயை ஓட்டியது பெரிய காரியம். ஆனால் காலியான இடத்தில் கருப்பையைக் குடிவைத்துவிட்டோம். பூசாரியின் சாட்டைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் உடுக்கைக்கு முன்னால் தலைவிரித்தாடுகிறவள் செத்தவர் பேரைச் சொல்லிக்கொண்டாவது மாமியாரைத் திட்டலாம், புருஷனைக் கேள்வி கேட்கலாம், "உனக்கு என்ன வேணும்?" என்று அங்கே ஒருத்தர் கேட்டாக வேண்டும். நோயாளி பேசினால் அது அறிகுறி. அறிகுறிக்கு யாரும் பதில் சொல்வதில்லை. பேய்க்கும் ஹிஸ்டீரியாவுக்கும் சேர்த்துச் சொல்லப்படும் வைத்தியம் வேறு இருக்கிறது: "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிடும்." கன்னிப்பெண்களின் நோய்கள் பற்றிய ஹிப்போகிரட்டஸ் தொகுதியின் சிறுநூலும் இதையேதான் சொல்கிறது.

உறுப்பை மட்டும் சொல்கிற ஹிஸ்டரெக்டமியும் அப்படியொன்றும் அப்பாவி இல்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் கணவன் மனைவியைச் சேர்த்து 'ஓர் அரிவாள்' என்று கணக்கிட்டு முன்பணம் கொடுக்கிறார்கள். ஒருநாள் வேலை தவறினால் அபராதம். 2019-இல் அரசு நடத்திய கணக்கெடுப்பில் ஏறத்தாழ 82,000 பெண்களில் 13,000-க்கு மேற்பட்டோர் கருப்பையை எடுத்துவிட்டிருந்தது தெரியவந்தது. கரும்புத் தோட்டத்தில் மாதவிடாய் வேலைக்குத் தடை. மருத்துவமனையில் கருப்பை வருமானம். ஹிஸ்டீரியா கருப்பையைக் குற்றவாளியாக்கியது என்றால் இங்கே தண்டனையும் நிறைவேற்றியாயிற்று.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டுக் கையேடு 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே ஹிஸ்டீரியாவைத் தனிநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அந்த வலிப்பும் உடல் மரத்துப்போவதும் பொய்யல்ல. இன்றும் வருகின்றன, ஆண்களுக்கும் வருகின்றன. வேறு பெயரில் சிகிச்சை நடக்கிறது. மருத்துவர்கள் கைவிட்ட பிறகும் சொல்லை நாம்தான் விடவில்லை: கதை விமர்சனத்தில், மேடையில், தேநீர்க்கடைப் பேச்சில். தூய தமிழில் மாற்றுச்சொல் தேடுவதல்ல இங்கே பிரச்சினை. கேள்வி கேட்கிறவரின் வாயைப் பார்க்காமல் அடிவயிற்றைப் பார்க்கிற பழக்கம்தான் பிரச்சினை.

அந்தம்மா அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு வருவதில்லை. கணக்கு இன்னும் வைக்கப்படவில்லை.