மாதப் பணம் முதலாகுமா?

சென்னை கோயம்பேட்டில் விடியுமுன் காய் எடுத்துத் தெருத்தெருவாகத் தள்ளுவண்டியில் விற்பவர்கள் பலருடைய முதல் அவர்களுடையது அல்ல, தண்டல்காரருடையது. பத்தாயிரம் என்று பேசி, 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பிடித்தம் ஆளுக்கு ஆள் மாறும், முறை இதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் 1,500 ரூபாய் பெரிதாகத் தெரியாது. ஆனால் நாள்தோறும் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக நிலுவையில் இருக்கும் கடன் நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 1,500 ரூபாய் என்றால் வட்டி ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதன் பிறகும் தண்டல் ஓயவில்லை. கேட்ட அன்றே, ஈடு கேட்காமல், வாசலுக்கு வந்து பணம் தருபவர் வேறு யாரும் இல்லை.

ஏழைக் குடும்பத்துக்கு நேரடியாகப் பணம் கொடுத்தால் அது சிறுதொழிலாக மாறுமா என்ற கேள்வியை இங்கிருந்துதான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். நகரத்து ஏழைகளுக்குத் தொழில் தெரியாது என்பதல்ல சிக்கல். மாவு அரைத்து விற்கிறார்கள், பூக்கட்டுகிறார்கள், துணி தேய்க்கிறார்கள், சாயங்காலம் அடுப்பு மூட்டி இட்லிக்கடை போடுகிறார்கள். உழைப்பு இவர்களுடையது, மிச்சம் வட்டிக்குப் போகிறது.

திருப்பிக் கேட்காத முதல் கிடைத்தால் என்ன நடக்கும்? பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2005-இல் இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய பொருளியலாளர்கள் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சிறுகடை, சிறுதொழில் நடத்துபவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் கொடுத்தார்கள். சிலருக்குப் பணமாக, சிலருக்கு அவர்களே தேர்ந்தெடுத்த பொருளாக. போட்ட முதலுக்கு மாதம் ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதல் வருமானம் கிடைத்தது. ஆண்டுக்கு 60 சதவீதம் அளவுக்கு வருகிறது. நாடு வேறு, காலம் வேறு என்றாலும் இந்த எண்ணைத் தண்டல் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். வங்கி வட்டிக்கு இந்த வருமானம் தாராளமாகப் போதும். தண்டல் வட்டிக்கு அதில் பாதிதான் தேறும். தண்டல் பணத்தில் அன்றாடச் சரக்கை எடுத்து விற்றுவிடலாம். அதை வைத்து ஒரு கிரைண்டர் வாங்கித் தொழிலைப் பெரிதாக்க முடியாது.

கடனாகவே கொடுத்தாலும் தவணை எப்போது தொடங்குகிறது என்பதில் நிறைய இருக்கிறது. கொல்கத்தாவில் எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வில், நுண்கடன் வாங்கிய பெண்களில் ஒரு பிரிவினருக்கு இரண்டு வாரத்தில் தொடங்க வேண்டிய தவணையை இரண்டு மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அந்தச் சிறு அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள். மூன்று ஆண்டு கழித்தும் அவர்களுடைய லாபம் மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகமாக இருந்தது. கடனைக் கட்டத் தவறியவர்களும் அந்தப் பிரிவில் அதிகம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அடுத்த வாரமே கட்ட வேண்டும் என்ற பயம் இல்லாதபோது மனிதர்கள் துணிந்து இறங்குகிறார்கள், சிலருக்குக் கை சுடுகிறது. அந்த நஷ்டத்தைக் கடனாகக் குடும்பத்தின் தலையில் ஏற்றாமல் இருப்பதுதான் நேரடிப் பண உதவியின் தலையாய பலம். 2020 ஜூனில் வந்த பிரதமர் ஸ்வநிதித் திட்டம் நடைபாதை வியாபாரிகளுக்கு முதலில் 10,000 ரூபாயை ஈடில்லாமல் கொடுத்தது. வட்டி மானியமும் உண்டு. நல்ல திட்டம். ஆனாலும் அது கடன்.

பணத்தைக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்ற பேச்சில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் டேவிட் எவன்ஸும் அன்னா பொப்போவாவும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பண உதவியால் மதுச் செலவு கூடியதற்குச் சான்று இல்லை.

கவலைப்பட வேண்டிய குறை வேறு. இலங்கை ஆய்வில் வந்த லாபம் ஆண்கள் நடத்திய தொழில்களில் வந்தது. பெண்களுடைய தொழில்களில் சராசரியாக எதுவுமே கூடவில்லை. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் ஆண்களுக்குப் பலன் நீடித்தது, பெண்களுக்கு இல்லை. பெண்களுக்கு வியாபாரம் கைவராது என்று இதைப் படித்தவர்கள் உண்டு. பின்னர் எரிகா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் சக ஆய்வாளர்களும் இந்தியா, இலங்கை, கானா ஆய்வுகளின் தரவுகளை மறுபடி எடுத்து, தனித்தொழிலை விட்டு முழு வீட்டையும் கணக்கெடுத்தார்கள். கணவருக்கும் ஒரு தொழில் இருக்கும் வீட்டில், மனைவிக்கு வந்த முதல் கணவருடைய தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் அந்தப் பெண் ஒருவரே தொழில் செய்தால், அவருடைய லாபம் ஆண்களுக்குக் குறைந்ததாக இல்லை.

அந்த முடிவு சென்னைக்கு அப்படியே பொருந்தும் என்று நம்புகிறேன். கணவரின் ஆட்டோ எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு நிற்கிறது, தவணை கட்ட வேண்டும் என்றால் மாவு வியாபாரத்துக்கு வைத்த பணம் அங்கே போகிறது. குடும்பம் பிழைக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணுடைய தொழில் வளர்வதில்லை. அவர் பெயரில் பணம் போட்டுவிட்டதாலேயே அவர் தொழில்முனைவர் ஆகிவிட்டார் என்று எழுதப்படும் அறிக்கைகளை நாம் நம்பக் கூடாது.

தமிழ்நாட்டில் பேச வேண்டிய திட்டம் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. அப்போது சுமார் 1.06 கோடிப் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் பெண்ணின் கணக்குக்கே பணம் போவது பெரிய மாற்றம். இது வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா உழைப்புக்கான தொகை. இதில் ஏன் தொழில் தொடங்கவில்லை என்று கேட்பது நியாயமே அல்ல. நாளுக்கு 33 ரூபாய் வருகிறது. சிலிண்டருக்கும் பிள்ளையின் நோட்டுக்கும் மாத்திரைக்கும் போய்விடும், போகத்தான் வேண்டும்.

சிறுகச் சிறுக வரும் பணம் வயிற்றைக் காக்கும். முதலாக வேண்டுமானால் மொத்தமாகக் கைக்கு வர வேண்டும். கென்யக் கிராமங்களில் பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி குழுவினர் நடத்திய ஆய்வில் ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 500 டாலரை ஒரே தடவையாகவும், இன்னொரு பிரிவுக்கு அதே தொகையை இரண்டு ஆண்டுக்கு மாதாமாதமும் கொடுத்தார்கள். புதுத் தொழில்கள் மொத்தமாக வாங்கியவர்களிடம்தான் அதிகம் முளைத்தன. மாதத் தொகை 12 ஆண்டு வரும் என்று உறுதி பெற்ற மூன்றாம் பிரிவினரும் நன்றாகத் தொழில் செய்தார்கள். எப்படி? சீட்டுப் போட்டு, மாதப் பணத்தை முறைவைத்து மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மாத வரவு நிற்காது என்ற நம்பிக்கை இருந்தால் ஆயிரம் ரூபாயும் சீட்டு வழியாக முதலாகலாம். ஆனால் சீட்டுப் பிடிப்பவர் ஓடிவிட்டால் போனது போனதுதான்.

பணத்துக்குப் பதில் பொருளாகவே கொடுத்தால் கை மாறாதே என்று கேட்கலாம். தையல் எந்திரமும் தேய்ப்புப் பெட்டியும் இலவசமாகக் கொடுத்த அனுபவம் தமிழ்நாட்டு அரசுக்கு நெடுநாளாக உண்டு. கானாவில் நடந்த ஆய்வில், பெண்களுக்குப் பணமாகக் கொடுத்தது லாபத்தைக் கூட்டவில்லை. அவர்கள் கேட்ட சரக்கையோ கருவியையோ வாங்கிக் கொடுத்தது ஓரளவு நடக்கும் தொழில்களில் கூட்டியது. மிகச் சிறிய தொழில்களில் இரண்டுமே பலிக்கவில்லை. அங்கே பொருளைத் தேர்ந்தெடுத்தது அந்தப் பெண்களே என்பதை விட்டுவிடக் கூடாது. இட்லிக்கடை போடுபவருக்குத் தையல் எந்திரம் வந்தால் அது அடகுக்குத்தான் போகும்.

பணமோ பொருளோ தராத ஒன்று, கடை போட இடம். கூவம் கரையிலிருந்தும் நகரின் நடுப்பகுதியிலிருந்தும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் வீட்டோடு வாடிக்கையாளரையும் விட்டுவிட்டுப் போயின. பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்பில் வாங்குபவரும் விற்பவரைப் போலவே காசில்லாதவர். அங்கே இருபது பேருக்கு முதல் கொடுத்தால் இருபது பேரும் மாவு விற்பார்கள். புதுக்கடை பழைய கடையின் வரவைத்தான் பங்கு போடும். நடைபாதை வியாபாரிகளைக் காக்க 2014-இல் மத்தியச் சட்டம் வந்தது. கணக்கெடுக்க வேண்டும், சான்று தர வேண்டும், விற்பனை மண்டலம் ஒதுக்க வேண்டும் என்கிறது. இவை ஒழுங்காக நடக்காத தெருவில் ஓர் ஆக்கிரமிப்பு அகற்றம் போதும், வண்டியோடு முதலும் லாரியில் ஏறிவிடும்.

பலன் என்றைக்கும் நீடிக்கும் என்றும் சொல்ல முடியாது. உகாண்டாவின் வடபகுதியில் 2008-இல் இளைஞர் குழுக்களுக்குத் தலைக்கு ஏறத்தாழ 400 டாலர் கொடுத்தார்கள். நாலு ஆண்டில் அவர்களுடைய வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் கூடியிருந்தது. ஒன்பது ஆண்டில் மற்றவர்களும் அந்த நிலைக்கு வந்துவிட்டார்கள். இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஏழைக் குடும்பத்துக்கு ஐந்தாறு ஆண்டு முன்னதாக வருமானம் வந்தால், அந்த ஐந்தாறு ஆண்டில்தான் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டுகிறது.

ஆகவே உரிமைத் தொகையைத் தொழில்திட்டமாகத் திருப்பக் கூடாது. ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே கொடுப்பதும் ஆபத்து. ஓர் ஆஸ்பத்திரிச் செலவில் அது கரைந்தால் மீதி மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. மாதப் பணம் அப்படியே இருக்கட்டும், முதல் தனியாக வரட்டும். தொடங்கியபோது இருந்த 1.06 கோடிப் பேருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றால் ஏறத்தாழ 12,700 கோடி. நகர்ப்புறத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் குடும்பங்களுக்குத் தலா 25,000 ரூபாயை ஒரே தடவையாகக் கொடுக்க 500 கோடி போதும், முன்னதில் நாலு சதவீதம். பணமா பொருளா என்பதை அந்தப் பெண் சொல்லட்டும். தெருவில் விற்பவருக்குப் பணத்துக்கு முன்னால் வியாபாரி அடையாள அட்டை போய்ச் சேர வேண்டும். வாங்கியவர்களையும் அதே குடியிருப்பில் வாங்காதவர்களையும் ஐந்து ஆண்டு பின்தொடர்ந்து, பெண்ணின் தொழில் வருமானத்தைத் தனியாகவும் வீட்டின் மொத்த வருமானத்தைத் தனியாகவும் எழுத வேண்டும். இல்லாவிட்டால், கணவரின் ஆட்டோவுக்குப் போன பணத்தைக் காட்டி, பெண்களுக்கு முதல் கொடுப்பது வீண் என்று அடுத்த பட்ஜெட்டில் கைவைத்துவிடுவார்கள்.