வளவின் குளிர்ச்சி

காரைக்குடி, கானாடுகாத்தான் முதலிய செட்டிநாட்டு ஊர்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எழுந்த நகரத்தார் வீடுகளைக் காண்போர் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் வியக்கின்றனர். எனினும் அவற்றின் தலையாய அழகு, சித்திரை வெயிலிலும் தணிந்திருக்கும் உட்புறக் காற்றே ஆகும். வளவு எனப்படும் நடுமுற்றம் இரவில் தன் வெப்பத்தைத் திறந்த வானுக்கு உமிழ்ந்து குளிர்வதாலும், தடித்த செங்கற்சுவர்கள் பகல் வெப்பத்தை மெல்ல உள்வாங்கி நெடுநேரம் கழித்தே அறைக்குள் விடுவதாலும், அதாவது 'வெப்பத் தாமதம்' நிகழ்வதாலும், இக்குளிர்ச்சி கைகூடுகிறது.

இதனை ஆராய்வோர்க்குக் காற்றின் வெப்பநிலை மட்டும் போதாது. சுவரும் கூரையும் உடல்மீது வீசும் கதிர்வெப்பத்தைக் கருங்கோள வெப்பமானியால், அதாவது கருமை பூசிய உள்ளீடற்ற உருண்டைக்குள் பொருத்திய வெப்பமானியால், அளந்து, ஈரப்பதம், காற்றோட்டம் ஆகியவற்றோடு சேர்த்தே இதத்தைக் கணிக்க வேண்டும்.

இவ்வீடுகளின் பாதுகாப்புப் பணியும் இவ்வறிவையே வேண்டி நிற்கிறது. சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெண்கரு முதலியவற்றால் இழைக்கப்பட்ட பூச்சு ஈரத்தை வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, சுவர் உதிரத் தொடங்குகிறது. முற்றத்தைக் கண்ணாடியால் மூடுவதோ அதனினும் கொடிது. நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், அது வெயிலின் வெப்பத்தை உள்ளே தேக்கி வீட்டின் மூச்சையே அடைத்துவிடுகிறது. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற செட்டிநாட்டு ஊர்களில், ஓடு மாற்றுவதற்கு முன்னும் மேற்சொன்ன வெப்ப, ஈரப்பத அளவீடு நடைபெறுவது இன்றியமையாதது.