ஊழியமும் கூலியும்

ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து லயனில் பிறந்த பிள்ளை. டிகிரி முடிச்சிருக்கு. சாயங்காலம் லயன் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்குது. ஒருநாள் என்னிடம் கேட்டது: "ஏங்கண்ணா, இதையே வேலையா வெச்சுப் பொழைக்க முடியுங்களா? தொண்டுக்குச் சம்பளம் கேக்கறது தப்புங்கறாங்களே?"

பதில் சொல்லத் தெரியாமல் பாமாவின் 'கருக்கு' புத்தகத்தைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் நானும் மறுபடி படித்தேன்.

1992இல் வந்த 'கருக்கு'வை நம் விமர்சகர்கள் தன்வரலாறு என்றார்கள், திருச்சபைக்குள் சாதி என்றார்கள், மொழிக் கலகம் என்றார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அது ஒரு வேலை தேடிய கதையும்கூட என்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆசிரியையாக இருந்தவர் கைச்சம்பளத்தை விட்டுவிட்டுத் துறவு மடத்தில் சேருகிறார். ஏன்? தன்னைப் போன்ற ஏழைத் தலித் பிள்ளைகளுக்குப் பாடுபடலாம் என்று. உள்ளே போனால் மடம் நடத்துவது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஏழ்மை விரதம் எடுத்தவர்களுக்கு வேளைக்கு வேளை நல்ல சாப்பாடு. தாழ்த்தப்பட்ட பெண்களைச் சில சபைகள் சேர்த்துக்கொள்வதே இல்லை என்ற பேச்சும் அங்கேதான் காதில் விழுகிறது. ஏழு வருசம் கழித்து வெளியே வரும்போது கையில் காசுமில்லை, வேலையுமில்லை.

இந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மேல்சாதிக்காரர் தொண்டை விட்டுத் திரும்பினால் வீடு இருக்கும், நிலம் இருக்கும், மாமன் மச்சான் சிபாரிசு இருக்கும். நம்ம ஆள் திரும்பினால் நடுத்தெரு. தொண்டு என்பது ரெண்டு பேருக்கும் ஒன்றல்ல என்பதை எந்தச் சித்தாந்தமும் பேசாமல் பாமா காட்டிவிடுகிறார்.

சொல்லையே பாருங்கள். 'தொண்டு' என்றால் அடிமைத்தனம் என்றும் ஒரு பொருள் உண்டு. திருவிதாங்கூரில் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலைக்குப் பெயர் 'ஊழியம்'. சோழர் கல்வெட்டில் வரும் 'வெட்டி'யும் கூலியில்லா உழைப்புதான். தலைமுறை தலைமுறையாகச் சும்மா உழைத்துக் கொடுத்த சனத்தைப் பார்த்து, 'கொஞ்சம் தன்னலமில்லாமல் உழைக்கக் கூடாதா' என்று கேட்பதைப் போல அநியாயம் வேறில்லை.

இன்னொரு புத்தகம். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 2007இல் 'எரியும் பனிக்காடு' ஆனது. கருப்பனும் வள்ளியும் படும் பாட்டை அப்படி எழுத வேறு ஆளில்லை. ஆனாலும் விடிவு, டாக்டர் ஆபிரகாம் என்ற நல்ல மனிதர் வழியாகத்தான் வருகிறது. உழைக்கிற சனம் அவரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறது. இது நாவலின் குறை. டேனியலின் வாழ்க்கை நாவலைவிட ஒரு படி மேலே போனது. அவர் வைத்தியத்தோடு நிற்காமல் தொழிற்சங்கத்தில் இறங்கினார்.

சேர்வராயன் மலையில் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடி கொண்டுவந்தது 1820களில். இருநூறு வருசமாக மலையாளிப் பழங்குடிகளும் கீழ்நாட்டுத் தலித்துகளும் பழம் பறிக்கிறார்கள். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாவற்றையும் முதலாளியின் கடமை என்றது. அந்தக் கடமையைத்தான் பிற்பாடு பல இடங்களில் தொண்டு நிறுவனங்கள் தர்மமாகக் கொண்டுவந்து கொடுத்தன. கேட்டு வாங்க வேண்டியது, கும்பிட்டு வாங்குவதாக மாறிப்போச்சு.

நானும் ஒரு நிறுவனத்தில் களப்பணியாளனாக இருந்தவன். மலையேறி இறங்குவது நாங்கள், மேடையில் பேசுவது வேறொருவர். எங்களுக்குச் சம்பளம் கிடையாது, 'மதிப்பூதியம்'. அதில் மதிப்புமில்லை, ஊதியமுமில்லை. 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, பெரிய அமைப்பு வாங்கிய நிதியைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடுத்தார்கள். அந்த நிதியை நம்பியிருந்த அடிமட்டத்து ஆட்களுக்குத்தான் அது முதல் அடி.

அதற்காக எல்லாமே மோசம் என்று கைகழுவிவிட முடியாது. கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கியில் ரெஜி, லலிதா என்ற இரண்டு மருத்துவர்கள் 1990களின் தொடக்கத்தில் ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். வந்தவர் கையிலிருந்த தொழில் ஊர்க்காரர் கைக்கு வந்தது. ஒரு நிறுவனத்தை அளக்க எனக்குத் தெரிந்த படி இதுதான்: எத்தனை வருசத்தில் நம்ம ஆள் நாற்காலியில் உட்காருகிறார்?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கையில் அந்தப் பிள்ளை சொன்னது: "அந்தம்மாவும் கடைசில வேலையில்லாமத்தானுங்கண்ணா நின்னாங்க. நானு மொதல்லயே கேட்டுப்புடறேன்."

கேள் தாயி. சம்பளம் எவ்வளவு என்று கேள். எழுத்தில் உத்தரவு கேள். முடிவெடுக்கும் கூட்டத்தில் இடம் கேள். இல்லை என்றால் வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுது. லயன் பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பாடம் அப்போதும் சொல்லலாம். அதுதான் நீயாக மனசு வைத்துச் செய்யும் தொண்டு. வயிற்றைக் கட்டிச் செய்வதை நம் பாட்டன்மார் செய்து முடித்துவிட்டார்கள்.